வீட்டில் உடற்பயிற்சி செய்ய ஆப் எடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போன வருடம் ஜனவரியில் ஓர் உடற்பயிற்சி ஆப்புக்கு 2,499 ரூபாய் கட்டினேன். நடுவில் மூன்று நாள் போக, ஒன்பதாம் நாள் வரை செய்தேன். பத்தாம் நாள் காலையில் இடது முழங்கால் வீங்கிவிட்டது. மாடிப்படி இறங்க முடியாமல் ஆபீசுக்கு லீவு போட்டேன். அன்று ராத்திரியே ஆப்பைப் போனிலிருந்து அழித்தேன். அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இந்த ஜனவரியில் என் கணக்கிலிருந்து மறுபடியும் 2,499 ரூபாய் போயிற்று.

அதற்குப் பிறகு நான்கு மாதம் உட்கார்ந்து இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஏழு ஆப்களை இறக்கிப் பார்த்து ஆறை அழித்தேன். மிச்சமிருக்கும் ஒன்றில் இப்போது வாரம் ஐந்து நாள் செய்கிறேன். எனக்குப் போன பணமும் முழங்காலும் உங்களுக்குப் போக வேண்டாம். நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அதே வரிசையில் எழுதுகிறேன். முதல் மூன்று படிகளுக்குப் போன் தேவையே இல்லை. தயவுசெய்து அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. முதலில் வீட்டை அளந்துகொள்ளுங்கள்

சாதாரண யோகா மேட் சுமார் ஐந்தே முக்கால் அடி நீளம், இரண்டடி அகலம் இருக்கும். அதை விரித்து மல்லாந்து படுத்துக் கைகளைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். சோபா, கட்டில், டிவி ஸ்டாண்டு எதிலும் இடிக்கக் கூடாது. அப்புறம் எழுந்து நின்று கைகளை மேலே தூக்குங்கள். தாழ்வான சீலிங் ஃபேன் உள்ள வீடுகளில் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது கீழ் வீடு. நாங்கள் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான் எடுத்த ஆப்பில் மூன்றாம் நாளிலிருந்தே குதிக்கிற பயிற்சிகள். ஐந்தாம் நாள் கீழ் வீட்டு அக்கா மேலே வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. காலையில ஆறு மணிக்குத் தொம் தொம்னு சத்தம். எங்க மாமனாருக்கு பைபாஸ் பண்ணி ஒரு மாசம்தான் ஆகுது" என்றார். குரலை உயர்த்தாமல், கதவுக்கு வெளியிலேயே நின்று சொன்னார். அதற்குப் பிறகு அந்த ஆப்பில் ஜம்பிங் ஜாக், பர்பி, ஸ்குவாட் ஜம்ப் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் செய்தால், இருபது நிமிடப் பயிற்சியில் எட்டு நிமிடம்தான் மிச்சம்.

மாடி வீடா? அப்படியானால் "லோ இம்பாக்ட்", "நோ ஜம்பிங்" என்ற பிரிவு தனியாக உள்ள ஆப் மட்டும்தான் உங்களுக்கு ஆகும். தேடும்போதே அந்தச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள்.

போனை எங்கே வைப்பீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நான் ஹாலில் அரிசி டின் மேல் சாய்த்து வைத்தேன். ஆறடி தள்ளி நின்றால் பயிற்சியாளரின் கால் எப்படி மடங்குகிறது என்று தெரியவில்லை. குனிந்து குனிந்து பார்த்ததில் கழுத்துதான் வலித்தது. ஸ்மார்ட் டிவி இருந்தால் டிவியில் காட்டும் வசதியுள்ள ஆப்பைப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த அசைவு என்ன என்பதைக் குரலில் முன்கூட்டியே சொல்லும் ஆப் வேண்டும்.

2. உடம்பிடம் ஏழு கேள்விகள்

உடற்பயிற்சி தொடங்கும் முன் கேட்பதற்கென்று மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் பல காலமாகப் பயன்படுத்தும் ஏழு கேள்விகள் உண்டு. எளிமையாகச் சொன்னால் இவை: இதயக் கோளாறு இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறாரா? உடம்பை அசைத்து வேலை செய்யும்போது நெஞ்சு வலிக்கிறதா? கடந்த ஒரு மாதத்தில் சும்மா இருக்கும்போது நெஞ்சு வலித்ததா? தலைசுற்றி விழுந்ததோ நினைவு தப்பியதோ உண்டா? பயிற்சியால் மோசமாகக்கூடிய எலும்பு, மூட்டுப் பிரச்சினை இருக்கிறதா? பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பயிற்சி கூடாது என்பதற்கு வேறு ஏதாவது காரணம் தெரியுமா?

ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் டாக்டரைப் பார்த்த பிறகுதான் ஆப். எனக்கு ஐந்தாவது கேள்விக்கு ஆமாம். ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆப் கேட்டதெல்லாம் எடை, உயரம், எத்தனை கிலோ குறைக்க ஆசை என்பதுதான்.

டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு இரண்டையும் எடுத்துப் போங்கள். "உடற்பயிற்சி செய்யலாமா" என்று பொதுவாகக் கேட்டால் "செய்யுங்க, நல்லது" என்ற பதில்தான் வரும். "குதிக்கலாமா, தரையில் உட்கார்ந்து எழலாமா, எடை தூக்கலாமா, குனியலாமா" என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுபவர்களும் சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களும் பயிற்சிக்கு முன் என்ன சாப்பிடுவது என்றும் கேட்டே ஆக வேண்டும். சில மருந்துகளோடு வெறும் வயிற்றில் செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சிசேரியன் ஆனவர்கள் வயிற்றுக்கான பயிற்சிகளை எப்போது தொடங்கலாம் என்று கேளுங்கள். பிரஷர் பார்த்தே வருடக்கணக்காகிறது என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

3. நாளில் எந்த நேரம், எத்தனை நிமிடம்

பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவு. வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் போதும். மிதமானது என்றால், செய்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

உங்கள் வீட்டில் அந்த அரை மணி நேரம் எங்கே இருக்கிறது? எனக்குக் காலை 6.10 முதல் 6.40 வரை. அதற்கு மேல் குக்கர் வைக்க வேண்டும். ஆகவே 45 நிமிட வகுப்பு மட்டும் உள்ள ஆப் எவ்வளவு நல்லதானாலும் எனக்கு உதவாது. குறிப்பிட்ட நேரத்தில் நடக்கும் நேரலை வகுப்பும் உதவாது.

4. எந்த வகை ஆப் என்று முடிவு செய்யுங்கள்

ஸ்டோரில் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் வகை நான்குதான்.

பொம்மை அசைந்து காட்ட, பக்கத்தில் நொடிகள் ஓடும் ஆப்கள் ஒரு வகை. அளவில் சிறியவை, நெட் இல்லாமலும் ஓடும், பெரும்பாலும் இலவசம். நடுநடுவே விளம்பரம் வரும். பயிற்சி ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு இது போதும். புதியவர்களுக்குப் போதாது. பொம்மையின் முழங்கால் எப்போதும் சரியாகத்தான் மடங்கும். உங்கள் முழங்கால் எங்கே தவறும் என்று அது சொல்லாது.

இரண்டாவது, பயிற்சியாளர் முழு வீடியோவில் கூடவே செய்து காட்டுபவை. புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நைக் ட்ரெயினிங் கிளப் போன்றவை பணம் வாங்காமலேயே இதைத் தருகின்றன. நேரம், கருவி, நிலை என்று பிரித்துத் தேடவும் முடியும். ஆனால் டேட்டா சாப்பிடும். அரை மணி நேர வீடியோ சாதாரணத் தரத்திலேயே சுமார் 300 எம்பி. தரத்தைக் கூட்டினால் 1 ஜிபியைத் தாண்டிவிடும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் இருப்பவர்கள், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, நேரலை வகுப்பும் தனிப் பயிற்சியாளரும் தருபவை. விலை அதிகம். ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பணம் நியாயம்தான். ஆனால் பதிவு செய்த வீடியோவை ஓடவிட்டு "லைவ்" என்று எழுதியிருப்பார்கள். பயிற்சியாளர் உங்களைப் பார்க்கிறாரா, நீங்கள் மட்டும்தான் அவரைப் பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

நான்காவது, அடி எண்ணிக்கை, எடை, சாப்பாடு இவற்றைக் குறித்து வைப்பவை. இவை பயிற்சி கற்றுத்தராது. தொடக்கத்தில் வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ஆப்களில் குரல் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் வரும். ஸ்டோர் பக்கத்தில் தமிழ் என்று போட்டிருந்தாலும் பல சமயம் பொத்தான்களின் பெயர் மட்டும் தமிழாகியிருக்கும். குரல் எந்த மொழி என்பதை ஒரு பயிற்சியை ஓடவிட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். அம்மா, மாமியாருக்காகத் தேடுபவர்கள் யோகா பக்கம் போவது நல்லது. உலக சுகாதார நிறுவனமும் நம் ஆயுஷ் அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்த எம்யோகா ஆப் இலவசம், பயனாளரின் தகவல் எதையும் சேகரிக்காதது, 12 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கானது. அதிலும் தமிழ்க் குரல் இல்லை. முதல் ஒரு வாரம் நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் பிறகு அவர்களே பார்த்துச் செய்வார்கள்.

5. இரண்டு ஆப், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம்

ஐந்தாறு ஆப்களை ஒரே நாளில் இறக்காதீர்கள். நான் அப்படிச் செய்ததில் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஆறு ஆப்களும் மாறி மாறி நோட்டிஃபிகேஷன் அனுப்பியதுதான் மிச்சம். இரண்டை மட்டும் எடுத்து, ஒன்றை ஒரு வாரம், மற்றதை ஒரு வாரம் செய்யுங்கள். பணம் கட்டாமல் கிடைக்கும் பகுதியை வைத்தே இதைச் செய்ய முடியும்.

இறக்கும் முன் ஸ்டோரில் கருத்துகளைப் புதியவை முதலில் வருமாறு மாற்றி, ஒரு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் கொடுத்தவற்றைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரம் பெரும்பாலும் இரண்டாம் நாள் உற்சாகத்தில் போட்டது. "கேன்சல் பண்ணியும் பணம் எடுத்துட்டாங்க" என்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். கடைசியாக அப்டேட் ஆன தேதியும் அதே பக்கத்தில் இருக்கும். வருடக்கணக்கில் தொடாத ஆப் வேண்டாம்.

செய்து பார்க்கும் வாரத்தில் நான் கவனித்தவை: தொடங்கும்போது வார்ம் அப், முடிக்கும்போது தசைகளைத் தளர்த்துவது இரண்டும் பயிற்சிக்குள்ளேயே இருக்கின்றனவா, தனியாகத் தேட வேண்டுமா. ஓர் அசைவு முடியவில்லை என்றால் அதே இடத்தில் எளிதான மாற்று காட்டுகிறார்களா. பால்காரர் மணி அடித்தால் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர முடிகிறதா.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரு நாள் தவறினால் ஆப் என்ன செய்கிறது என்பது. நான் பணம் கட்டிய ஆப், நான் செய்தேனோ இல்லையோ, காலண்டர்படி நகர்ந்துகொண்டே போனது. மாதவிடாய்க்காக மூன்று நாள் விட்டுவிட்டுத் திரும்பினால் அடுத்த கட்டப் பயிற்சி காத்திருந்தது. அறுபது ஸ்குவாட், அதாவது அறுபது தடவை உட்கார்ந்து எழுவது. செய்தேன். மறுநாள் காலைதான் நான் முதலில் சொன்ன வீக்கம். பிசியோதெரபிஸ்ட் என்னை ஒரு நாற்காலி முன் நிற்கவைத்து, மெதுவாக உட்கார்ந்து மெதுவாக எழச் சொன்னார். ஆறாவது தடவை முழங்கால் உள்பக்கம் சாய்ந்தது. "தொடைத் தசைக்கு இன்னும் பலம் வரல. பத்து தடவை, நாற்காலியோட, மூணு வாரம். அப்புறம்தான் நாற்காலியை எடுக்கணும்" என்றார். நான் பார்த்த எந்த ஆப்பும் இதைச் சொல்லவில்லை. ஆனால் நல்ல ஆப் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் "எளிதா, கடினமா" என்று கேட்டு அடுத்த நாளைக் குறைத்துக் கொடுக்கும். தவறிய நாளை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கும். இந்த இரண்டும் இல்லாத ஆப்பை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆப் காட்டும் கலோரி எண்ணை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். 65 கிலோ எடையுள்ளவர் வீட்டில் அரை மணி நேரம் மிதமாகப் பயிற்சி செய்தால் செலவாவது சுமார் 115 கிலோ கலோரி. அதே அரை மணிக்கு ஓர் ஆப் எனக்கு 310 என்று காட்டியது.

6. பணம் கட்டும் இடம்

இங்கேதான் மெதுவாகப் போக வேண்டும்.

பல ஆப்களில் முதலில் இருபது முப்பது கேள்விகள் வரும். பதில் சொல்லி முடிக்கும்போது "உங்களுக்கான திட்டம் தயார்" என்று ஒரு வரைபடம், அதன் கீழே 70 சதவீதத் தள்ளுபடி, பத்து நிமிடம் பின்னோக்கி ஓடும் கடிகாரம். அந்தக் கடிகாரம் முடியட்டும் என்று விட்டுவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். நான் பார்த்த மூன்று ஆப்களிலும் அதே தள்ளுபடி அப்படியே இருந்தது. இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதும், சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குவதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி தடை செய்யப்பட்ட முறைகள். பார்த்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

விலையைப் பெரிய எழுத்தில் "வாரத்துக்கு 48 ரூபாய்" என்று போட்டு, மொத்தம் 2,499 என்பதைக் கீழே சாம்பல் நிறத்தில் எழுதியிருப்பார்கள். கணக்கிலிருந்து ஒரே தடவையில் போகப்போகிற தொகை எது என்று அதைத் தேடிப் படியுங்கள். மாதச் சந்தாவும் இருக்கும். மாதம் 399, வருடம் 2,499 என்றால், ஏழு மாதமாவது தொடர்ந்து செய்தால்தான் வருடச் சந்தா லாபம். முதல் தடவை மாதச் சந்தா மட்டும் எடுங்கள்.

இலவச ஏழு நாள் என்று சொன்னாலும் கார்டையோ யுபிஐயையோ முதலிலேயே கேட்பார்கள். எட்டாம் நாள் பணம் தானாகப் போகும். தொடங்கிய அன்றே போன் காலண்டரில் ஐந்தாம் நாளுக்கு ஒரு நினைவூட்டல் போடுங்கள். ஐபோனில் சோதனைக் காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே கேன்சல் செய்தாக வேண்டும் என்பதால் கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான ஆப்களில் முன்கூட்டியே கேன்சல் செய்தாலும் மிச்ச நாட்களுக்குப் பயன்படுத்தலாம்.

இன்னொரு பொறி. சமூக வலைத்தள விளம்பரத்தைத் தொட்டால் ப்ளே ஸ்டோருக்குப் போகாமல் அவர்களுடைய இணையதளத்துக்கே போய்விடும். அங்கே கார்டு எண்ணைக் கொடுத்துக் கட்டினால் கூகுளோ ஆப்பிளோ நடுவில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கவும் அவர்களிடம் போக முடியாது. விலை டாலரில் இருந்தால் வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும். கட்டுவதென்றால் ஸ்டோர் வழியாகவே கட்டுங்கள்.

தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை, ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்காது. எனக்கும் அந்த எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. லோன் வேண்டுமா, ரீசார்ஜ் ஆஃபர் என்று வந்த குப்பைக்கு நடுவே ஐந்து நாள் கழித்துத்தான் கண்டேன். ஆண்டுச் சந்தா எடுத்தவர்கள் அடுத்த வருடம் அதே தேதிக்கு ஒரு வாரம் முன்பே நினைவூட்டல் போடுவதுதான் ஒரே வழி.

மற்ற செலவு பெரிதல்ல. 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மேட் 500 முதல் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ரெசிஸ்டன்ஸ் பேண்டு (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். டம்பெல்லுக்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு.

7. எந்த அனுமதி கொடுக்கலாம்

வீட்டு ஹாலில் ஸ்குவாட் செய்ய உங்கள் இருப்பிடம், காண்டாக்ட் பட்டியல், மைக் எதுவும் தேவையில்லை. மறுத்துவிட்டு ஆப் ஓடுகிறதா பாருங்கள். நல்ல ஆப் ஓடும். உடல் அசைவைக் கேமரா மூலம் திருத்தும் ஆப்புக்கு மட்டும், பயன்படுத்தும்போது மட்டும், கேமராவை அனுமதியுங்கள். ப்ளே ஸ்டோர் பக்கத்தில் "டேட்டா சேஃப்டி" என்ற பகுதியில், உடல்நலத் தகவலை வேறு நிறுவனங்களுடன் பகிர்கிறார்களா என்று எழுதியிருக்கும்.

பாஸ்வேர்டைத் தனியாக வையுங்கள். 2018இல் மைஃபிட்னஸ்பால் ஆப்பிலிருந்து சுமார் 15 கோடி கணக்குகளின் விவரங்கள் திருடு போயின. மின்னஞ்சலுக்கும் இதற்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் திருடனுக்கு இரண்டு கதவும் திறக்கும்.

8. விலகுவது

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. இந்த ஒரு வரி தெரியாததால்தான் எனக்கு இரண்டாவது 2,499 போனது.

ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உங்கள் படத்தைத் தொடுங்கள். "பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்", அதற்குள் "சப்ஸ்கிரிப்ஷன்ஸ்". ஆப்பின் பெயரைத் தொட்டு கேன்சல் கொடுங்கள். வீட்டில் இரண்டு ஜிமெயில் இருந்தால் எதில் வாங்கினீர்களோ அந்தக் கணக்கில் பார்க்க வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ் போய், மேலே உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும். யுபிஐ மூலம் கட்டியிருந்தால் உங்கள் யுபிஐ ஆப்பில் "ஆட்டோபே" பகுதிக்கும் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். கேன்சல் ஆனதும் மின்னஞ்சல் வரும். வரவில்லை என்றால் ஆகவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி பாருங்கள்.

பணம் போய்விட்டதா? ப்ளே ஸ்டோரில் வாங்கியது என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே திருப்பிக் கேளுங்கள். அதைத் தாண்டினால் ஆப் நிறுவனத்துக்கு எழுதச் சொல்வார்கள். நான் ஆறாம் நாள் எழுதினேன். பதினோரு நாள் கழித்து, முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அப்படி ஆனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். கூப்பிடும் முன் இவற்றை ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள்: கூகுள் அனுப்பிய ரசீதும் அதில் உள்ள ஆர்டர் எண்ணும், பணம் போன அன்றைய வங்கி ஸ்டேட்மெண்ட், கேன்சல் செய்த மின்னஞ்சல், நிறுவனத்துக்கு நீங்கள் எழுதியது, அவர்கள் எழுதியது, விலைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு அதையும் அங்கேயே குறித்து வையுங்கள்.